அலாஸ்கா கப்பல் பயணம்: அப்பா அம்மாவுக்கு சின்ன சொகுசுக் கப்பலா, பெரிய கப்பலில் பால்கனி அறையா?

பெல்வியூ_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில திருக்கடையூர்ல அப்பாவுக்கு மணிவிழா. மே கடைசியில அப்பா, அம்மா ரெண்டு பேரும் சியாட்டில் பக்கத்துல இருக்கற எங்க வீட்டுக்கு வர்றாங்க. ஜூன்ல அவங்களை அலாஸ்காவுக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் என் மனைவிக்கும் ஆசை. அப்பா ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்க படிப்புக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் செலவு பண்ணியே காலம் போச்சு, தனக்குன்னு ஒரு பயணம் போனதில்ல. இந்த ஒரு தடவை அவங்களுக்குக் குறை வைக்காம செய்யணும்.

ரெண்டு வழி பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு ரீஜென்ட், சில்வர்சீ மாதிரி சின்ன சொகுசுக் கப்பல். எல்லா அறையும் சூட், அதாவது உட்கார தனி இடம் இருக்கற பெரிய அறை. சாப்பாடு, பானம், டிப்ஸ் எல்லாம் கட்டணத்துலயே அடக்கம். ஆனா ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 700, 800 டாலர்னு போகுது. இன்னொண்ணு பெரிய கப்பல்ல பால்கனி அறை. அது இதுல பாதிகூட வராது. அப்பாவுக்கு சர்க்கரை, முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம், முட்டைகூட கிடையாது. நானும் மனைவியும் எச்1பி வேலை விசாவுல இருக்கோம். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

நெய்தல்நிலா:
ரெண்டு வகையிலயும் போயிருக்கேன், அதனால சொல்றேன். சொகுசுன்னு அந்தக் கப்பல்கள் விக்கறது முக்கியமா ரெண்டு: இடம், ஆள். கப்பலோட கிராஸ் டன்னேஜுங்கறது எடை இல்ல, உள்ளே இருக்கற கொள்ளளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. சியாட்டில்ல இருந்து அலாஸ்கா போற நார்வீஜியன் என்கோர் சுமார் 1,69,000 டன், ரெண்டு பேருக்கு ஒரு அறைன்னு கணக்குப் பண்ணா 4,000 பயணிகள். ஆளுக்கு 42 வருது. ரீஜென்ட்டோட செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் சுமார் 55,000 டன், 750 பயணிகள். ஆளுக்கு 73. இந்த வித்தியாசத்தை முதல் நாளே உணரலாம். லிஃப்டுக்கு நிக்க வேண்டாம், காலைச் சாப்பாட்டுக்கு மேஜை தேட வேண்டாம், கரையில இறங்க வரிசை கிடையாது. பணியாளர்கள் ரெண்டாம் நாள்ல இருந்து உங்க அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

இதெல்லாம் நிஜமாவே நல்லா இருக்கும். ஆனா உங்க வீட்டுக்கு ஒரு விஷயம் பார்க்கணும். "எல்லாம் அடக்கம்"னு சொல்ற விலையில ஒயினும் ஷாம்பெயினும் பெரிய பங்கு. உங்க நாலு பேர்ல யார் குடிப்பாங்க? யாரும் குடிக்கலைன்னா அந்தப் பணம் வேற யாரோ கோப்பைக்குப் போகுது. ரீஜென்ட்ல கரைச் சுற்றுலாவும் பெரும்பாலும் அடக்கம், அதையும் கணக்குல சேர்த்துக்கங்க. திமிங்கலம் பார்க்கற படகு, மலை ரயில் இதெல்லாம் தனியா வாங்கினா ஒவ்வொண்ணும் ஆளுக்கு 150, 200 டாலர் ஆயிடும்.

தூத்துக்குடி_கப்பல்காரன்:
தம்பி குமரன், நான் பல வருஷம் பெரிய கப்பல்ல டைனிங் ரூம்ல வேலை பார்த்தவன். அம்மா சாப்பாட்டைப் பத்திக் கவலை வேண்டாம், ஆனா முன்கூட்டியே செய்ய வேண்டியது இருக்கு.

டிக்கெட் போட்ட உடனே கம்பெனியோட சிறப்புத் தேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்க: இந்திய சைவம், முட்டை கூடாதுன்னு. ஏறின முதல் ராத்திரி சாப்பாட்டுக்கு பஃபேக்குப் போகாம டைனிங் ரூமுக்கே போய் ஹெட் வெய்ட்டரைப் பார்த்து நேர்ல சொல்லுங்க. தினமும் சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி மறுநாள் ராத்திரிக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட சொல்லிடணும். பருப்பு, காய்கறிக் குழம்பு, சப்பாத்தி, சாதம், தயிர், இதெல்லாம் பெரும்பாலான பெரிய கப்பல் கிச்சன்ல செய்வாங்க. இந்தியச் சமையல்காரங்க இல்லாத கிச்சனை நான் பார்த்ததில்ல. கோவா, மும்பை, கேரளா, நம்ம ஊர்ப் பசங்களும் உண்டு. அவங்க கிட்ட தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசினா மெனுவுல இல்லாததும் மேஜைக்கு வரும். மாசக்கணக்கா வீட்டை விட்டு இருக்கற பையனுக்கு ஒரு அம்மா உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்க்கறதே பெரிய சந்தோஷம்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்னு சீல் போட்ட பாக்கெட்டா கொண்டு வரலாம். ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் கொண்டு வராதீங்க. கப்பல்ல தீக்குப் பயப்படற மாதிரி வேற எதுக்கும் பயப்பட மாட்டாங்க. சோதனையில எடுத்து வெச்சிட்டு, கடைசி நாள்தான் திருப்பித் தருவாங்க.

பெரிய கப்பல்ல டிப்ஸ் தனி. ஆளுக்கு நாளுக்கு 17ல இருந்து 20 டாலர் வரை கணக்குல தானா ஏறும். சிலர் கவுண்டர்ல போய் அதை எடுக்கச் சொல்வாங்க. தயவு செஞ்சு அப்படிச் செய்யாதீங்க. அறையைச் சுத்தம் பண்றவருக்கும் பாத்திரம் கழுவறவருக்கும் வீட்டுக்கு அனுப்பற பணம் அதுலதான் இருக்கு.

வன்கூவர்_வதனி:
ஒருத்தரும் விசாவைப் பற்றிக் கதைக்கேல்லையே. தம்பி, சியாட்டிலில ஏறி சியாட்டிலில இறங்கினாலும் கப்பல் கடைசியில விக்டோரியாவில நிக்கும். அது கனடா. இந்தியக் கடவுச்சீட்டு வைச்சிருக்கிற உங்கள் நாலு பேருக்கும் கனடா விசிட்டர் விசா வேணும். கரையில இறங்க மாட்டம், கப்பலிலேயே இருப்பம் எண்டு சொல்லியும் பிரயோசனம் இல்லை. விசா இல்லாட்டி சியாட்டிலிலேயே ஏற விடமாட்டினம். கிரீன் கார்ட் இருக்கிறவைக்கு மட்டும்தான் அந்த விசா தேவையில்லை.

நாங்கள் அம்மாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வன்கூவரில இருந்துதான் போனனாங்கள். எப்பிடியும் கனடா விசா எடுக்கத்தான் போறியள், அப்ப வன்கூவர் புறப்பாட்டையும் யோசியுங்கோ. உங்கட வீட்டில இருந்து காரில மூண்டு மணித்தியாலம். இஞ்ச இருந்து போற கப்பல் வன்கூவர் தீவுக்கும் கரைக்கும் இடையில, இரண்டு பக்கமும் மலையும் காடுமாப் போகும். தண்ணி குளம் போல இருக்கும். கனக்கச் சியாட்டில் கப்பல்கள் தீவுக்கு வெளியால, திறந்த பசிபிக்கில போறவை. அலை அடிச்சால் வயசான ஆக்களுக்குத் தலைச்சுத்து வரும். எங்கட மாமி படகு எண்டாலே சத்தி எடுக்கிற ஆள், அவவே ஒரு குளிசையும் போடாமல் வந்தவ.

பெல்வியூ_குமரன்:
வதனி அக்கா, ரொம்ப நன்றி. இது எனக்குத் தெரியவே தெரியாது. சியாட்டிலும் அமெரிக்கா, அலாஸ்காவும் அமெரிக்கா, நடுவுல ராத்திரி சில மணி நேரத்துக்கு ஏன் விக்டோரியா போகணும்?

சட்டப்புள்ளி:
1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்தான் காரணம். ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிய பயணியை வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் வேறு வெளிநாட்டில் நிற்காமல் அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காக்க வந்த சட்டம். இன்றைய பெரிய பயணக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று வெளிநாட்டில் பதிவானவை. அதனால் ஒரு கனடா நிறுத்தம் இல்லாமல் அவற்றால் சியாட்டில் சுற்றை முடிக்க முடியாது. 2021இல் கொரோனாவுக்காகக் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்கா பயணங்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகத் தற்காலிக விலக்குச் சட்டம் போட வேண்டி வந்தது.

பெற்றோரின் அமெரிக்க விசா பலமுறை நுழையக் கூடியதா என்று பாருங்கள். அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 தேதியையும் கவனியுங்கள். கனடாவுக்குப் போய்த் திரும்பினால் அந்தத் தேதி தானாக நீளும் என்று நம்ப வேண்டாம். கனடா விசாவுக்குக் கைரேகை உண்டு. அவர்கள் சென்னையில் இருக்கும்போதே விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது. இங்கே வந்தபின் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பதற்றம் அவர்களுக்கு வேண்டாம்.

பனியாறு:
குமரன், கப்பலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அலாஸ்காவில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது வழி. நான் திரும்பத் திரும்பப் போவது கிளேசியர் பே என்ற பனியாற்று வளைகுடாவுக்காக. உங்கள் பயணத்தில் அது இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்பேன்.

1794இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் அந்தப் பக்கம் வந்தபோது அங்கே வளைகுடாவே இல்லை. கரையில் ஒரு சின்னக் குழிவு, அதற்குப் பின்னால் முழுக்கப் பனிச்சுவர். 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று 65 மைல் உள்ளே போனால்தான் கடைசிப் பனியாறு. அதாவது உங்கள் கப்பல் காலையிலிருந்து மிதக்கும் தண்ணீர் அத்தனையும் சில தலைமுறைகளுக்கு முன் பனிக்கட்டி. பனி முன்னேறி வந்தபோது அங்கே வாழ்ந்த ஹூனா டிலிங்கிட் மக்கள் ஊரை விட்டுத் தண்ணீரைக் கடந்து போக வேண்டியிருந்தது. பின்னால் நாடு அதைத் தேசியப் பூங்காவாக்கியது. 2016இல்தான் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய மரபு வீடு மறுபடி எழுந்தது. இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு தளத்தில் நின்று பாருங்கள், பார்ப்பதே மாறிவிடும்.

கோடையில் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். காலையில் பூங்கா ரேஞ்சர்கள் ஒரு சிறு படகில் வந்து, ஓடும் கப்பலில் கயிற்றேணி வழியே ஏறுவார்கள். நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். பனியாற்றின் முகப்பு ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி உயரம். ஒரு பாளம் உடைந்து விழுவதை முதலில் கண்தான் காணும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். கப்பல் மெதுவாகத் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும், எனவே எந்தப் பக்கத்து அறையானாலும் குறையில்லை. முழங்கால் வலி உள்ள அப்பா பால்கனியில் கம்பளி போர்த்திக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே முழுவதையும் பார்க்கலாம். எனக்கு அதுதான் சொகுசு. பால்கனிக்குப் பணத்தைக் கொடுங்கள், உள்ளறை மட்டும் எடுக்காதீர்கள்.

ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ், நார்வீஜியன் கம்பெனிகளின் பல பயணங்களில் கிளேசியர் பே உண்டு. ராயல் கரீபியன், செலிபிரிட்டி பெரும்பாலும் ஹப்பார்டு பனியாறு அல்லது எண்டிகாட் ஆர்ம் போகும். ஹப்பார்டும் பிரமாண்டமானதுதான். விளம்பரத்தில் "பனியாறு காட்சி" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பனியாறு என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

டாலஸ்_மீனாட்சி:
நான் கொஞ்சம் மாறுபடறேன். பனியாறு எந்தக் கப்பல்ல இருந்து பார்த்தாலும் பனியாறுதான், சரி. ஆனா ஒரு வாரத்துல பனியாறு பார்க்கறது ஒரு நாள். மீதி நாள் எல்லாம் கப்பலுக்குள்ள நடக்கணும், லிஃப்ட் பிடிக்கணும், சாப்பிடணும். என் மாமியாருக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை. ஆயிரம் அடி நீளக் கப்பல்ல முன்பக்கத்து அறையில இருந்து பின்பக்கத்து டைனிங் ரூமுக்கு நடந்தே அவங்க சோர்ந்து போனாங்க. அடுத்த தடவை சின்ன சொகுசுக் கப்பல் எடுத்தோம். நாற்காலியை இழுத்து உட்கார வைக்கறதுல இருந்து கை பிடிச்சு இறக்கி விடறது வரைக்கும் கூட ஆள் இருந்தாங்க. "என்னை மகாராணி மாதிரி பார்த்துக்கிட்டாங்கடி"ன்னு ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னாங்க. விலை வலிச்சதுதான், ஆனா அந்த வயசுல அவங்களுக்கு அது கிடைச்சதேன்னு எனக்கு இன்னிக்கும் நிறைவா இருக்கு.

குமரன், அப்பா ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் நடப்பார்? அதை முதல்ல பாருங்க. தடுமாறாம அரை மைல் நடப்பார்னா பெரிய கப்பல் போதும். இல்லைன்னா நடுவழி ஒண்ணும் இருக்கு: நார்வீஜியன்ல ஹேவன், செலிபிரிட்டியில ரிட்ரீட். பெரிய கப்பலுக்குள்ளயே தனிப் பகுதி, தனி உணவகம், ஏறவும் இறங்கவும் முன்னுரிமை.

நெய்தல்நிலா:
மீனாட்சி சொல்றது நியாயம். நடக்கற தூரத்தை நான் யோசிக்கவே இல்ல. பெரிய கப்பல்தான்னா அறையை நடுப்பகுதியில, லிஃப்டுக்குப் பக்கத்துல, கீழ்த் தளத்துல பார்த்து எடுங்க. ஆட்டமும் அங்கதான் குறைவு. மேல ஒரு தளம், கீழ ஒரு தளம் ரெண்டுலயும் அறைகளே இருக்கான்னு வரைபடத்துல பாருங்க. தலைக்கு மேல சமையலறையோ நடன அரங்கோ இருந்தா தூக்கம் போச்சு.

ஆவுளியா:
எல்லாரும் போகும் ஊரைப் பத்தியும் ரெண்டு வரி. ஜூனோவில் வாழ்பவர்கள் சுமார் 32,000 பேர். கோடையில் ஒரே நாளில் பதினைந்தாயிரத்துக்கும் மேல் பயணிகள் இறங்கிய நாட்கள் உண்டு. திமிங்கலப் படகுகளும் ஹெலிகாப்டர்களும் ஓயாமல் ஓடுகின்றன. ஊர் மக்கள் பொறுத்துப் பார்த்து, 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். 2026 முதல் நாளுக்கு 16,000 பயணிகள், சனிக்கிழமை 12,000 என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்ற தீர்மானம் 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றது, ஏனென்றால் அந்தக் கப்பல்களால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ரெண்டு பக்கமும் உண்மை.

கடலில் எண்ணெய்க் கழிவை ரகசியக் குழாய் வழியே கொட்டிய வழக்கில் பிரின்சஸ் கம்பெனி 2016இல் குற்றத்தை ஏற்று 4 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஒரு இளம் இன்ஜினியர் துணிந்து சொன்னதால்தான் அது வெளியே வந்தது. அதே கம்பெனியின் கப்பல்கள்தான் 2001இல் ஜூனோ துறைமுகத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தில் நிற்கும் முறையை உலகப் பயணக் கப்பல்களில் முதலில் தொடங்கின. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகும் ஊரில் உள்ளூர்க்காரர் நடத்தும் படகையும் கடையையும் தேடி வாங்குங்கள். டிலிங்கிட் கலைப்பொருள் வாங்கினால் செதுக்கியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

தூத்துக்குடி_கப்பல்காரன்:
ஆவுளியா சொன்ன அந்த இன்ஜினியர் செய்தது சாதாரண காரியம் இல்ல. கப்பல்ல மேலதிகாரிக்கு எதிரா வாய் திறந்தா அடுத்த கான்ட்ராக்ட் வராதுன்னு ஒவ்வொருத்தனுக்கும் பயம் உண்டு.

டாக்டர்_அல்லி:
இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்காக எடுக்கும் விசிட்டர் காப்பீடு பெரும்பாலும் அமெரிக்க மண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டது. கப்பலுக்கும் கனடாவுக்கும் செல்லுமா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயால் வரும் சிக்கலுக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரமாகக் கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவு அதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கப்பலில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள், முதலுதவியும் நிலைப்படுத்தலும் நன்றாகவே செய்வார்கள். ஆனால் அது மருத்துவமனை இல்லை. கட்டணம் உடனே அறைக் கணக்கில் ஏறும்.

அப்பா இன்சுலின் போடுபவர் என்றால் அறைக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள், அவை பலவற்றில் போதிய குளிர்ச்சி இருக்காது. மருந்துக்கான பெட்டி வேண்டும் என்று முன்பே கேளுங்கள், தருவார்கள். ஏறும் நாளில் மருந்தும் ஒரு ஸ்வெட்டரும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலை ஆகலாம். வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் கிருமிக்கு சானிடைசர் போதாது. சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும்தான்.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று இருக்கும். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, புதிதாக ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்பே கட்டாயம் என்றானது. அம்மா அப்பாவைக் கையோடு கூட்டிப்போய், அவர்கள் ஒன்றுகூடும் இடத்தைக் காட்டுங்கள்.

பெல்வியூ_குமரன்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி அப்பாகிட்ட வீடியோ கால்ல பேசினேன். தினமும் காலையில ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வர்றாராம், அது ஒரு மைலுக்கு மேல. அதனால இப்போதைக்கு முடிவு: வன்கூவர்ல இருந்து புறப்படற, கிளேசியர் பே போற கப்பல், நடுவுல லிஃப்ட் பக்கத்துல ரெண்டு பால்கனி அறை. மிச்சமாகற பணத்தைக் கரைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கறேன். கனடா விசாவுக்கு அடுத்த வாரமே விண்ணப்பிக்கறோம்.

அலாஸ்காவுல ஸ்காக்வேங்கற ஊர்ல ஒரு மலை ரயில் இருக்காமே? அப்பா கிட்ட சொன்னதும் "என்ன கேஜ்?"னு கேட்டார். எனக்குத் தெரியல.

பனியாறு:
அப்பாவிடம் சொல்லுங்கள்: நேரோ கேஜ், தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றடி. ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரூட். கனடாவின் குளோண்டைக் பகுதியில் நடந்த தங்க வேட்டைக்காக 1898இல் ஆரம்பித்து 1900இல் முடித்தார்கள். அதற்கு முன் தங்கம் தேடிப் போனவர்கள் ஒரு வருடத்துக்கான சாமான், கிட்டத்தட்ட ஒரு டன், இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று கனடா போலீஸ் நிறுத்தியது. அதைத் தோளிலும் குதிரையிலும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினார்கள். அந்தத் தடத்தில் ஆயிரக்கணக்கான குதிரைகள் செத்தன. ரயில் பெட்டியிலிருந்து பழைய தடத்தைப் பார்க்கலாம்.

கடல் மட்டத்திலிருந்து 20 மைலில் கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 26 அடிக்கு ஓரடி. நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், 12 அடிக்கு ஓரடி ஏறும், அதனால் அதற்குப் பல்சக்கரம் தேவைப்பட்டது. இங்கே பல்சக்கரம் இல்லாமல் வெறும் தண்டவாளப் பிடிப்பிலேயே ஏறுகிறார்கள், அப்பா ரசிப்பார். போகும்போது இடது பக்க ஜன்னல் பிடியுங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். உச்சிவரை போய்த் திரும்பும் பயணம் போதும், பெட்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை, முழங்காலுக்கும் நல்லது. ஊருக்குள் பழைய பனி வாரும் ரோட்டரி இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கப்பலுக்குத் திரும்பும் முன் அங்கே அரை மணி நேரம் விட்டு வையுங்கள்.

வன்கூவர்_வதனி:
தம்பி, கப்பல் ஏறுறதுக்கு முதல் நாளே இஞ்ச வந்து தங்குங்கோ. அண்டைக்குக் காலமை எல்லையில வாகனம் நிறைஞ்சு நிண்டால் கப்பல் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது. மழைக்கோட்டு எல்லாருக்கும் வேணும், வழியில வாற கெச்சிக்கன் ஊரில மழைக்குக் குடை தாங்காது. அம்மாவுக்கு வன்கூவரில சைவச் சாப்பாட்டுக் கடை கேட்டால் தனியா எழுதுங்கோ, சொல்லுறன்.